விரல் வைத்தவர்கள்

அத்தியாயம் 14

ஒன்பது நிமிடப் பாடத்தை இரண்டு விநாடியில் எப்படிக் கேட்டு முடிக்கிறாள் இந்தப் பிள்ளை?

துஷ்யந்தி இதை வாய்விட்டுக் கேட்கவில்லை. கேட்டால் அடுத்த கேள்வி தானாக வந்து நிற்கும். வகுப்பில் மற்ற முப்பது பேர் எத்தனை விநாடியில் கேட்டார்கள்? அதற்கும் அடுத்தது இன்னும் மோசமான கேள்வி. இதை நீ எப்போது கவனித்தாய்?

கவனித்து ஒரு மாதத்துக்கு மேலாகிறது.

தினமும் காலை ஐந்தே முக்காலுக்குப் பதினோராம் வகுப்பின் வட்ஸ்அப் குழுவில் கணிதப் பாடத்தைக் குரலாகப் பதிந்து போடுவாள். பெரும்பாலான வீடுகளில் ஒரு போன்தான். அதையும் தகப்பன் வேலைக்குக் கொண்டுபோய்விடுவான். அதற்கு முன் பிள்ளை கேட்டுவிடட்டும் என்றுதான் அந்த நேரம். இன்றைக்கு இயல்பொத்த முக்கோணிகள். தாளின் நடுவில் ஒரு கோடு கீறுங்கள், இடது நுனிக்கு ஏ என்று பெயர் வையுங்கள் என்று, கண்ணால் காட்ட வேண்டியதையெல்லாம் வாயால் சொல்லி முடித்து அனுப்பினாள். அனுப்பி இரண்டு விநாடியில் முதல் கட்டைவிரல் படம் வந்துவிட்டது.

நிலுக்ஷியின் விரல். துஷ்யந்தியின் அண்ணன் இந்திரகுமாரின் மகள்.

எட்டு மணிக்குள் முப்பத்தொரு விரலும் வந்திருந்தன. பதிவுப் புத்தகத்தில் முப்பத்தொரு சரி போட்டாள். அறுபத்திரண்டாவது நாளாக ஒரு பிள்ளைகூடத் தவறவில்லை.

பள்ளிக்கூடம் மூடிய புதிதில் மற்ற ஆசிரியர்கள் எல்லோரும் தடுமாறியபோது இந்த வழியைக் கண்டுபிடித்தவள் அவள்தான். பாடம் கிடைத்தவர்கள் விரல் வையுங்கள், அதுதான் வரவு. அவ்வளவுதான். பள்ளிக்கூட அதிபர் ஹலீம் சேர் அதற்கு 'விரல் முறை' என்று பெயர் வைத்தார். வலயக் கல்விப் பணிமனைக்கு மாதாமாதம் நூறு வீதம் என்று கணக்குப் போனது. சென்ற வாரம் கடிதம் வந்தது. வலயத்தின் தமிழ்மொழி மூல ஆசிரியர்கள் தொண்ணூறு பேருக்கு ஸூம் கூட்டத்தில் அந்த முறையை அவள் விளக்க வேண்டும். இன்று பிற்பகல் மூன்று மணிக்கு.

ஆறு வருடமாக அவள் உதவி ஆசிரியர். நிரந்தரமாக்கும் பைல் பணிமனையில் ஏதோ ஒரு மேசையில் கிடக்கிறது. இந்த ஆறு வருடத்தில் பணிமனையிலிருந்து அவள் பெயருக்கு வந்த முதல் கடிதம் அது.

உள் அறையில் கணவன் அஜந்தன் அவளுடைய சேலைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தான். ஊரடங்கில் த்ரீவீல் ஓடாமல் தார்ப்பாய்ப் படங்குக்குள் நின்ற நாளிலிருந்து வீட்டு வேலை எல்லாம் அவன் கைக்குப் போயிருந்தது. நேற்று நீலப் படுக்கை விரிப்பைச் சுவரில் ஆணியடித்துக் கட்டியிருந்தான். பின்னால் தோட்டத்து லய வீட்டுச் சுவர் தெரியக்கூடாதாம். போனை எந்த உயரத்தில் வைப்பது என்று அரிசி வாளி, சீனி டின் எல்லாம் அடுக்கிப் பார்த்திருந்தான்.

“பேசுறப்ப தலைய ஆட்டாத துஷி. நேத்து பழகிப் பாக்கிறப்ப கோழி மாதிரி ஆட்டுன.”

“நான் கீழ் டிவிசனுக்குப் போயிட்டு வர்றேன்.”

இஸ்திரிப் பெட்டி நின்றது. இன்றைக்கா என்று கேட்டான். அண்ணியைப் பார்க்கவேண்டும் என்றாள். தோட்டத்தின் கீழ்ப் பகுதியான அந்த டிவிசனில் நோய் பரவி ஆறு வாரம் மூடி வைத்திருந்து, ஞாயிற்றுக்கிழமைதான் திறந்தார்கள். அண்ணி மல்லிகா வழுக்கி விழுந்து காலை உடைத்துக்கொண்டாள் என்பதே அவளுக்கு நேற்றுத்தான் தெரியும். அண்ணன் கொழும்புக்குப் பக்கத்தில் வத்தளையில் ஒரு மாவுக் கடையில் வேலை. பயணத் தடையில் மூன்று மாதமாக அங்கேயே கடைக்குள் படுத்துக் கிடக்கிறான்.

“நாளைக்குப் போகலாமே. நிலுக்ஷி தான் டெய்லி வர்றாளே கிளாசுக்கு. ஒரு நாள் தவறினாளா?”

“அதுதாங்க பாக்கணும்.”

அவன் அவள் முகத்தைப் பார்த்தான். பிறகு மறுபடி சேலையைப் பார்த்தான். ரெண்டு மணிக்கு வந்துவிடு என்று மட்டும் சொன்னான்.

*

இறப்பர்க் காட்டுப் பாதையில் நேற்றைய மழை இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது. துஷ்யந்தி குடையை விரிக்காமல் நடந்தாள். போய்ப் பார்த்தால் எல்லாம் சரியாகத்தான் இருக்கும் என்று நினைத்துப் பார்த்தாள். நிலுக்ஷி விடியலில் எழுந்து போனைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருப்பாள். விரலை முதலில் வைத்துவிட்டுப் பிறகு ஆறுதலாகப் பாடத்தைக் கேட்பாள். அவள் அப்படிப்பட்ட பிள்ளைதான். அந்த நினைப்பு பாலம் வரைக்கும் தாங்கியது.

பாலத்தடியில் கருப்பாயி எதிர்ப்பட்டாள். அவளுடைய மகனும் அதே வகுப்புத்தான். டீச்சரைக் கண்டதும் கூடையை இறக்கி வைத்துவிட்டு முகக்கவசத்தை மேலே இழுத்துவிட்டாள். ஏதோ தப்புச் செய்து பிடிபட்டவள் மாதிரி இருந்தது அவள் நின்ற விதம்.

“டீச்சர், வெள்ளிக்கிழம விரல் வைக்க லேட்டாயிருச்சுங்க. போனுக்கு சார்ஜ் இல்ல. பத்து மணிக்குத் தான் வச்சேன். அரைப்பேர் போட்டுட்டீங்களா?”

துஷ்யந்திக்கு முதலில் விளங்கவில்லை. அரைப்பேர் என்பது தோட்டத்து வரவுப் புத்தகமான செக்ரோலில் அரை நாள் வேலைக்குப் போடுவது. பிந்தி வந்தவர்களுக்கும் கொழுந்து குறைந்தவர்களுக்கும் கணக்கப்பிள்ளை போடும் பேர்.

“விரல் நீங்களா வைக்கிறீங்க?”

“வேற யாருங்க வைக்கிறது? அவனுக்குப் போன குடுத்தா கேம் வெளாடுவான். நான் தான் காலையில வேலைக்குப் பேர் குடுக்கப் பெரட்டுக்குப் போறதுக்கு முந்தி வச்சிட்டுப் போவேன்.”

“பாடத்த அவன் கேக்கிறானா?”

கருப்பாயி யோசித்தாள். பாடம் தனியாக வரும் என்று நினைத்திருந்தாளாம். புத்தகமோ தாளோ பின்னால் தருவார்கள், இப்போதைக்குப் பேர் மட்டும் எடுக்கிறார்கள் என்று. நீங்கதானேங்க விரல் வைக்கச் சொன்னீங்க என்றாள். குற்றம் சொல்லவில்லை. ஞாபகப்படுத்தினாள்.

அவள் போன பிறகும் துஷ்யந்தி பாலத்திலேயே நின்றாள். முதல் நாள் தான் சொன்னதைத் தன் குரலிலேயே மறுபடி கேட்டாள். கிடைச்சவங்கல்லாம் விரல் வைங்க. சம்பள நாளில் தோட்டத்துக் கிளாக்கர் சம்பளப் பெட்டிக்குப் பின்னாலிருந்து சொல்வது இதே வார்த்தைதான். ஊதா மையில் அம்மாவின் பெருவிரலை அமுக்கிய கையை அவள் சின்ன வயதில் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறாள். விரல் வைத்தால் வாங்கிக்கொண்டதாக அர்த்தம். வைக்காவிட்டால் பேர் வெட்டுப்படும். இந்த லயங்களில் அந்த வார்த்தைக்கு வேறு அர்த்தம் கிடையாது. அவளுக்குத்தான் எப்போதோ அது மறந்துபோயிருந்தது. பயிற்சிக் கலாசாலையில் இருந்த இரண்டு வருடத்தில் மறந்திருக்கலாம். மறந்ததுகூடத் தெரியாமல் இருந்திருக்கிறாள்.

*

நிலுக்ஷி வீட்டில் இல்லை. மல்லிகா வாசலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். பாதத்திலிருந்து கணுக்கால் வரைக்கும் பச்சிலைக் கட்டு. நாத்தனாரைக் கண்டதும் அவள் அழவில்லை, சிரிக்கவும் இல்லை. வாங்க என்று சொல்லிவிட்டு, கேட்கும் முன்பே மேல் மலைப் பக்கம் கையைக் காட்டினாள்.

இறப்பர்ப் பால் எடுக்கிற நேரம். மரம் மரமாகச் சிரட்டையைச் சாய்த்து வாளியில் ஊற்றிக்கொண்டு வந்தாள் நிலுக்ஷி. தகப்பனின் பழைய சட்டை, தலையில் பொலித்தீன். கையெல்லாம் காய்ந்த பால் ஒட்டி வெள்ளையாக இருந்தது. அத்தையைக் கண்டதும் ஒரு மரத்தை விட்டுவிடாமல் முடித்துவிட்டுத்தான் நிமிர்ந்தாள்.

“நான் ஒரு நாளும் லீவே போடலியாமே அத்தை. அம்மா சொன்னிச்சு. பள்ளிக்கூடம் இருந்தப்பகூட நான் அப்படி வந்ததில்ல.”

“எத்தன நாளா இந்த வேல?”

“அம்மா விழுந்ததுல இருந்து. அம்மா பேர்ல தான். வெட்டுறதுக்குப் பக்கத்து வீட்டு மாமா சொல்லிக் குடுத்தாரு. ரெண்டு மரத்த காயப்படுத்திட்டேன், ஏசினாங்க. இப்ப சரியா வருது.”

போன் எங்கே என்று துஷ்யந்தி கேட்டாள். கேட்கும்போதே பதில் தெரிந்திருந்தது. போன் மூன்று மாதமாக வத்தளையில் இருக்கிறது. குழுவுக்கு அந்த இலக்கத்தைக் கொடுத்தபோது அப்பா அடுத்த வெள்ளிக்கிழமை வருவதாக இருந்தார். அதற்குள் பாதை மூடிவிட்டது.

நிலுக்ஷி வாளியைக் கீழே வைத்தாள்.

“நான் அம்மா பேர்ல வேல செய்றேன். அப்பா என் பேர்ல படிக்கிறாரு. எல்லாம் சரியாத் தானே போகுது.”

அவள் சிரித்தாள். சிரிப்பில் கோபம் இருந்திருந்தால் துஷ்யந்தி தாங்கியிருப்பாள். இல்லை. ஒரு கணக்கு நேராக வந்துவிட்ட மாதிரியான சிரிப்பு. இந்தப் பிள்ளைக்குக் கணிதம் எப்போதும் நன்றாக வரும்.

பாடங்களைக் கையால் எழுதிக்கொண்டு வந்து தருகிறேன், வாரத்தில் இரண்டு நாள் நானே வருகிறேன், மாலையில் உட்கார்ந்து செய்யலாம் என்று துஷ்யந்தி வேகமாகச் சொன்னாள். சொல்லச் சொல்ல அதன் நீளம் அவளுக்கே தெரிந்தது. அறுபத்திரண்டு பாடம், ஆறு பக்கமாவது ஒவ்வொன்றும். அப்புறம் கருப்பாயியின் மகன் இருக்கிறான். மற்றவர்கள் இருக்கிறார்கள்.

நிலுக்ஷி பொறுமையாகக் கேட்டாள். கையில் ஒட்டியிருந்த பாலை நூல் நூலாக உரித்துக்கொண்டே கேட்டாள்.

“வேணாம் அத்தை. நீங்க வருவீங்க, நான் தூங்கிருவேன். அப்புறம் உங்களுக்கும் கஷ்டம்.”

தொழிற்சாலைக்குப் பால் நிறுக்கக் கொண்டுபோகும் நேரமாகிவிட்டது என்று வாளியைத் தூக்கினாள். அவளோடு வீடு வரைக்கும் துஷ்யந்தி கூடவே நடந்தாள்.

வாசலில் நின்றுதான் அண்ணனுக்கு அழைப்பு எடுத்தாள். மல்லிகா வேண்டாம் என்று தலையாட்டினாள். கருப்பாயி வீட்டுப் போனில் மகள் பாடம் கேட்கிறாள் என்று அவள்தான் புருஷனுக்குச் சொல்லி வைத்திருந்தாள். அந்த மனுசன் அங்கே சாப்பாடு இல்லாமல் கிடக்கிறார், இது ஒன்றாவது சரியாக நடக்குது என்று நினைத்துக்கொள்ளட்டும் என்று விட்டேன் என்றாள். ஆனால் இந்திரகுமார் எடுத்துவிட்டான். தங்கச்சியின் குரலைக் கேட்டதும் அவன் பதறினான்.

“இன்னைக்கும் வச்சிட்டேனே தங்கச்சி. வந்து சேரலியா?”

“வந்திச்சு அண்ணே. பாடத்த நீங்க கேட்டீங்களா?”

“அது புள்ளைக்கு உள்ளதுல்ல? நான் ஏன் தொறந்து கேக்கணும்? கெடச்சதுக்கு விரல் வைக்கணும், இல்லாட்டி பேர வெட்டிருவாங்க. அதான் அலாரம் வச்சு எந்திரிச்சு வச்சுருவேன். பாத்ரூமுக்குக்கூட அப்புறந்தான் போறது.”

அவன் மூன்றாம் வகுப்போடு நின்றவன். சம்பளத்துக்கு இன்னும் கைநாட்டுத்தான். மகளுடைய பெயருக்கு வந்த கடிதங்களை அவன் பிரிக்காமல் வாங்கி வைத்திருக்கிறான். அறுபத்திரண்டு கடிதம். ஒவ்வொன்றுக்கும் பொறுப்பாக ஒப்பம்.

துஷ்யந்தி போனைக் காதிலிருந்து எடுத்தாள். நிலுக்ஷி அவள் கையிலிருந்து போனை வாங்கினாள்.

“அப்பா, நான் கேக்கலப்பா. போன் உங்ககிட்ட தானே இருக்கு. நான் பால் காட்டுல இருக்கேன்.”

அந்தப் பக்கம் சாக்கு இழுக்கிற சத்தம் கேட்டது. யாரோ சிங்களத்தில் அவனைக் கூப்பிட்டார்கள். எவ்வளவு நாளா என்று அவன் கேட்டான். பிறகு, நான் வர்றேன் என்றான்.

“எப்படிப்பா வருவீங்க? பாதை மூடித் தானே கிடக்கு.”

“வர்றேன்.”

இணைப்பு அறுந்தது. துஷ்யந்தி திரும்பத் திரும்ப எடுத்துப் பார்த்தாள். போன் அணைக்கப்பட்டிருக்கிறது என்று மூன்று மொழியிலும் ஒரு பெண் சொன்னாள். வத்தளையிலிருந்து இங்கே கஹவத்தைக்கு நடந்து வர முடியுமா என்று மல்லிகா கேட்டாள். கேட்டுவிட்டுத் தன் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

*

திரும்பும் வழியில் பாலத்தில் நின்று ஹலீம் சேருக்கு அழைப்பு எடுத்தாள். அவர் முழுவதையும் குறுக்கே பேசாமல் கேட்டார். அவர் கெட்ட மனிதர் இல்லை. பள்ளிக்கூடத்துக் கூரைக்குத் தன் கையாலே தார் பூசியவர்.

“டீச்சர், எனக்கு தெரியாதென்டா நினைக்கிறீங்க? என்ட மகள் நுஹாட கிளாஸ்லயும் இதே கதைதான். அவட டீச்சர் மெசேஜ் போடுவா, நான் கடையில இருந்து ஓகே போடுவேன்.”

அப்படியானால் அச்சடித்த பாடத் தாள்களையாவது எங்கள் பிள்ளைகளுக்குக் கேளுங்கள் என்றாள். வலயத்தில் கொடுக்கிறார்கள் என்று அவள் கேள்விப்பட்டிருந்தாள். இணையத்துக்கு வராத பிள்ளைகள் இருக்கிற பள்ளிக்கூடங்களுக்குத்தான் அது என்றார் அவர். பட்டியல் வெள்ளிக்கிழமை முடிந்துவிட்டது. நூறு வீதம் என்று எழுதிக் கொடுத்த பள்ளிக்கூடத்துக்கு எந்த முகத்தோடு போய்த் தாள் கேட்பது?

“இப்ப இத செல்ல வாணாம் டீச்சர். பொய் செல்லுங்க என்டு நான் செல்லல்ல. எப்படி செஞ்சீங்க என்டத மட்டும் மூணு நிமிஷம் செல்லிட்டு விட்ருங்க. உங்கட பைலும் அங்கதான் ஈக்குது.”

அவர் மிரட்டவில்லை. அவளுக்காகக் கவலைப்பட்டுத்தான் சொன்னார். மிரட்டியிருந்தால் இலேசாக இருந்திருக்கும்.

*

அஜந்தன் கேட்டவுடன் கோபப்படுவான் என்று நினைத்தாள். அவன் படிக்கட்டில் உட்கார்ந்து தலையைச் சொறிந்தான். உங்க அண்ணன் நம்பரை என்னிடம் கொடு, லொறிக்காரர்களிடம் சொல்லி வைக்கிறேன் என்றான். அதற்குப் பிறகுதான் மற்றதைச் சொன்னான்.

“நீ பேசாட்டி வேற யாராவது பேசுவாங்க துஷி. அந்தப் பிள்ளைக்குப் போன் கெடைக்கப் போறதில்ல. உன் பைல் மட்டும் தான் கெடக்கும்.”

அவன் சொன்னது முழுக்க உண்மை. முகத்தைக் கழுவி, அவன் இஸ்திரி போட்ட சேலையைக் கட்டிக்கொண்டு நீல விரிப்புக்கு முன்னால் உட்கார்ந்தாள். அரிசி வாளிக்கு மேல் போன் சரியாக நின்றது. திரையில் சின்னச் சின்னப் பெட்டிகளாக முகங்கள் நிறைந்தன. ஒரு பெட்டியில் ஹலீம் சேர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

வலயக் கல்விப் பணிப்பாளர் தொடங்கினார். குறுகிய காலத்தில் நிகழ்நிலைக் கல்விக்குத் தம்மை மாற்றிக்கொண்ட ஆசிரியர்களைப் பாராட்டினார். தோட்டப் பாடசாலை ஒன்றில் நூறு வீதம் வரவு என்றால் நகரப் பாடசாலைகள் வெட்கப்பட வேண்டும் என்றார். வருகிற திங்கட்கிழமை முதல் வலயம் முழுவதும் இந்த முறையை நடைமுறைப்படுத்த இருக்கிறோம், சுற்றுநிருபம் தயார் என்றார்.

அவள் பேசினாலும் பேசாவிட்டாலும் சுற்றுநிருபம் தயார்.

உண்மையைச் சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் யோசித்தாள். வசனங்கள் வாய் வரைக்கும் வந்தன. விரல் வைங்க என்று நான் சொன்னேன், அவர்கள் கைநாட்டு என்று விளங்கிக்கொண்டார்கள். அதைக் கேட்டதும் இந்தப் பெட்டிகளில் என்ன நடக்கும் என்பதும் தெரிந்தது. முதலில் யாராவது ஒருவர் சிரிப்பார். பிறகு எல்லோரும். பார்த்தீர்களா தோட்டத்து ஆட்களை என்று ஒருவர் தொடங்குவார். விடியலில் அலாரம் வைத்து எழும்பிய ஒரு மனிதனின் விரல் தொண்ணூறு பேருக்குத் தேநீர் நேரத்துக் கதையாகிவிடும். தவறு அவளுடையது. கதை அவனுடையதாக இருக்கும்.

புகழை வாங்கிக்கொள்ள அவளிடம் வாய் இல்லை. அண்ணனைக் கொடுக்கவும் மனம் இல்லை.

“இப்ப துஷ்யந்தி டீச்சர் தன்னுடைய அனுபவத்தைப் பகிர்ந்துகொள்வா.”

அவள் மியூட் பொத்தானைத் தொடவில்லை.

“டீச்சர், மியூட்டில இருக்கிறீங்க.”

எல்லா முகங்களும் காத்திருந்தன. ஹலீம் சேர் திரைக்குக் கிட்ட வந்து கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். வாசலில் நின்ற அஜந்தன் கையை ஆட்டினான். பேசு என்று இல்லை. வேண்டாம் என்றால் சிக்னல் இல்லை என்று காட்டிவிட்டு வெட்டிவிடு என்று சைகை செய்தான். எல்லோருக்கும் நல்ல வழி அது. பைலுக்கும் பழுதில்லை.

“தோட்டப் பக்கம்தானே, சிக்னல் பிரச்சினை போல,” என்றார் பணிப்பாளர் அன்பாக. “கேக்குதா டீச்சர்? சிக்னல் இல்லாட்டி நாங்க அடுத்தவருக்குப் போவோம்.”

துஷ்யந்தி பொத்தானை அழுத்தினாள். தன் மூச்சுச் சத்தம் தொண்ணூறு வீடுகளில் கேட்பதை உணர்ந்தாள்.

“சிக்னல் நல்லா இருக்குங்க சேர்,” என்றாள். “நான் தான் பேசல.”